தொடக்கக் கோப்பைச் சுருக்குதல்

கணிப்பொறித் தொழிலை நாடிப் பெங்களூர், புனே, ஐதராபாத் முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நேயர்கள் பலர். அவர்களுள் நிரல் எழுதும் பணியில் இருப்போர்க்குப் பழக்கமான ஒரு காட்சி உண்டு. புதிய அலுவலகம்; முதல் வாரம். அவ்விடத்தில் முன்பு இருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற வலைச் செயலி இனி நம் பொறுப்பு. எந்தக் கோப்பை முதலில் திறப்பது? செயலி விழித்தெழும்போது முதன்முதலில் இயங்கும் தொடக்கக் கோப்பைத்தான். அது தெளிவாக இருந்தால் ஒரு பிற்பகலுக்குள் செயலியின் உருவம் மனத்தில் பதிந்துவிடும். குழம்பியிருந்தால் ஒரு மாதம் ஆனாலும் பதியாது.

ஆகவே அக்கோப்பை எவ்வாறு எளிமையாக்குவது என்பதை இன்று ஆராய்வோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டுவரும் ஏ.எஸ்.பி.நெட் கோர் என்னும் ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம்மவர் பலர் அன்றாடம் கையாள்வது அது.

தொடக்கக் கோப்புக்கு வேலை இரண்டு. ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு இன்னார், நாதசுரத்துக்கு இன்னார், பந்தலுக்கு இன்னார் என்று முன்கூட்டியே பேசி வைப்பது ஒரு வேலை. வருகின்ற விருந்தினருக்கு வாசலில் சந்தனம், பிறகு கூடம், பிறகு பந்தி என்று வரிசை வகுப்பது மற்றொரு வேலை. செயலியிலும் அவ்வாறே. தரவுத்தளம், மின்னஞ்சல் முதலிய சர்வீசுகளைப் பதிவு செய்துவைப்பது முதற்பகுதி. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எந்தெந்தச் சோதனைகளை எந்த வரிசையில் கடந்து செல்லவேண்டும் என்று விதிப்பது இரண்டாம் பகுதி. இச்சோதனை ஒவ்வொன்றையும் மிடில்வேர் என்பர்.

2016 ஜூனில் இச்சட்டகத்தின் முதற்பதிப்பு வெளிவந்தபோது இவ்வேலைகள் புரோகிராம், ஸ்டார்ட்டப் என்னும் இரு கோப்புகளில் பிரிந்து கிடந்தன. ஸ்டார்ட்டப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. அதிலுள்ள இரு செயற்கூறுகளையும் சட்டகம் அவற்றின் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்து அழைத்தது. அவற்றுள் சர்வீசுகளைப் பதிவு செய்வது இல்லாமலும் இருக்கலாம் என்பது விதி. ஆகையால் அதன் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் கம்பைலரும் முறையிடாது, சட்டகமும் பேசாமல் தாண்டிப் போய்விடும். பிறகு வேறெங்கோ ஒரு மூலையில் ‘இந்தச் சர்வீசைக் காணோம்’ என்று கூக்குரல் எழும். புதியவர்களை இது எவ்வளவு அலைக்கழித்தது என்பதை அனுபவித்தவரே அறிவர்.

2017 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பு, எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதிவந்த வரிகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு புரோகிராம் கோப்பைக் குறுக்கியது. 2021 நவம்பர் 8 அன்று வெளியான 6-ஆம் பதிப்போ புதிய செயலிகளுக்கு ஸ்டார்ட்டப்பையே தேவையற்றதாக்கி, இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தது. பில்டரை உருவாக்கு, அதிலிருந்து செயலியைக் கட்டு, ஒரு முகவரிக்கு விடை வகு, ஓடவிடு. நான்கே கூற்றுகளில் ஒரு செயலி எழுந்து நிற்கிறது. பி.எச்.பி மொழியின் லாராவெல் சட்டகமும் 2024 மார்ச்சில் வந்த 11-ஆம் பதிப்பில் ஏறக்குறைய இவ்வழியே சென்று, பல கோப்புகளில் சிதறியிருந்த ஏற்பாடுகளை ஒன்றில் திரட்டியது.

சட்டகம் தந்த எளிமை தொடக்கத்து எளிமைதான். ஓராண்டு கழியட்டும், நான்கு கூற்றுகள் முந்நூறாகிவிடும். அப்போது கத்தரிக்கோலை எடுப்பது நம் கையில் இருக்கிறது. எதை மறைக்கலாம், எதை மறைக்கக்கூடாது என்று அறியாமல் வெட்டினால் கேடு வரும்.

சர்வீசுப் பதிவுகளைத் தாராளமாக மறைக்கலாம். ஒரு சர்வீசு வேண்டும்போதுதான் தேடி எடுக்கப்படுகிறது; ஆதலால் முன்பின்னாகப் பதிவு செய்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. ஒன்றையே இருமுறை பதிவு செய்தால் பிந்தியது வெல்லும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளவேண்டும். கட்டணத்துக்குரியவற்றை ஒரு செயற்கூறிலும், அஞ்சலுக்குரியவற்றை மற்றொன்றிலும் தொகுத்து, தனிக் கோப்புகளில் வைத்துவிட்டால் நூறு வரிகள் ஐந்தாறு வரிகளாகிவிடும். பதிவுகள் அனைத்தும் செயலியைக் கட்டும் கூற்றுக்கு முன் நிற்கவேண்டும். கட்டிய பிறகு சேர்க்க முயன்றால் சட்டகம் பிழை காட்டி நின்றுவிடும்.

மிடில்வேர் வரிசையை மறைப்பது நமக்கு உடன்பாடன்று. அங்கே வரிசையே பொருள். வந்தவர் யார் என்று அறியும் சோதனை முன்னும், அவருக்கு உரிமை உண்டா என்னும் சோதனை பின்னும் நிற்கவேண்டும். மாற்றி வைத்தால் உரியவரையே காவலன் வாசலில் தடுப்பான். படங்கள் முதலியவற்றை வழங்கும் மிடில்வேருக்கு உரிமையைச் சோதிக்கும் வழக்கமே இல்லை. பொதுக் கோப்புறையில் வாடிக்கையாளரின் ரசீதுகளைப் போட்டுவைத்தால் ஊரார் அனைவரும் எடுத்துப் பார்க்கலாம். திண்ணையில் வைத்த பெட்டிக்குக் காவல் ஏது?

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒருவர் மிடில்வேர் வரிகள் அனைத்தையும் அழகாக ஒரே பெயருக்குள் அடக்கி வேறு கோப்புக்கு அனுப்பிவிட்டார். பிழைகளைப் பிடித்துப் பயனருக்கு விளக்கம் காட்டும் மிடில்வேர், முதலில் நிற்கவேண்டியது, அங்கே கடைசியில் போய் நின்றது. தமக்குப் பின்னே நிகழும் பிழையைத்தான் அது பிடிக்கும்; முன்னே நிகழ்வதை அறியாது. எழுதுபவரின் கணிப்பொறியிலோ 6-ஆம் பதிப்பு முதல் பிழைப்பக்கம் தானாகவே முன்னால் சேர்க்கப்படுகிறது. எனவே அங்கே யாவும் ஒழுங்காகத் தோன்றின. வாடிக்கையாளர்கள் கண்டது வெறும் பக்கம். பாதி இரவு தரவுத்தளத்தைக் குறை கூறியபின், வரிசையை ஒருவர் விரித்துப் பார்த்தார். பத்து வரிகள் கண்முன் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

மதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. தரவுத்தள முகவரி, கடவுச்சொல் ஆகியவை தொடக்கக் கோப்பில் இருக்கலாகாது. பொது அமைப்புக் கோப்பு, சூழலுக்குரிய அமைப்புக் கோப்பு, சூழல் மாறிகள், கட்டளை வரி என்று சட்டகம் வரிசையாகப் படிக்கிறது; பிந்திப் படித்தது முந்தியதை மாற்றும். ஆதலால் சர்வருக்குரிய இரகசியத்தைச் சர்வரின் சூழல் மாறியில் வைத்துவிட்டால், நிரலில் எங்கும் அதை எழுதவேண்டிய தேவையில்லை.

பழைய ஸ்டார்ட்டப் முறையில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியை உடனே மாற்றவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. 6-ஆம் பதிப்பு அம்முறையைக் கைவிடவில்லை. மாற்றத் துணிந்தோர் சோதனை நிரல்களையும் உடன் திருத்தவேண்டும்; ஸ்டார்ட்டப் என்னும் பெயரைக் கொண்டே செயலியை எழுப்பிய சோதனைகள் இனி புரோகிராம் என்னும் பெயரைத் தேடும். 6-ஆம் பதிப்பில் அப்பெயர் வெளியார் கண்ணுக்குத் தெரிய, கோப்பின் இறுதியில் அதை பப்ளிக் என்று அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.