அடி விழுந்த பின்னும் விழித்திருக்கும் மனம்: 'கெண்டோ' வீரர்களின் போட்டி உளவியல்

ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில், எதிராளியின் தலைக்கவசத்தில் மூங்கில் வாள் துல்லியமாக விழுந்தாலும் புள்ளி உறுதியாகிவிடுவதில்லை. அடித்தவர் களிப்பில் கையை உயர்த்தினால், வழங்கிய புள்ளியையே நடுவர்கள் திரும்பப் பெறலாம்.

குரல் எழுப்புவது குற்றமன்று. இலக்கின் பெயரை உரக்கச் சொல்லியபடி அடிப்பதே அங்கு வழக்கம். ஆனால் அடித்த பின்னரும் எதிராளியை நோக்கி விழிப்புடன் நிற்க வேண்டும். 'ஸான்ஷின்' எனப்படும் இந்நிலைக்கு 'எஞ்சி நிற்கும் மனம்' என்று பொருள். வழக்கமான ஆட்டத்தில் முதலில் 2 புள்ளிகள் எடுப்பவரே வெற்றியாளர் என்பதால், ஒரு கணக் கவனச்சிதறல் பாதி ஆட்டத்தைப் பறித்துவிடும்.

வியப்பு, அச்சம், ஐயம், குழப்பம் ஆகியவற்றை 'நான்கு நோய்கள்' என்கிறது கெண்டோ மரபு. அடிக்கலாமா, பொறுக்கலாமா என்று எண்ணும் இடைவெளியில் எதிராளியின் வாள் இறங்கிவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஸென் துறவி தகுவான் ஸோஹோ, வாள் ஆசான் யாக்யூ முனெநோரிக்கு எழுதியதும் இதைப் பற்றியே. எதிரியின் வாளிலோ தன் வாளிலோ மனம் தங்கிவிட்டால் உடல் தாமதிக்கும் என்பது அவர் விளக்கம்.

கெண்டோ ஒலிம்பிக் விளையாட்டு அன்று. ஒலிம்பிக்கில் உள்ள வாள்வீச்சு ஐரோப்பிய மரபைச் சேர்ந்தது. புள்ளி எடுத்ததும் வெற்றி முழக்கமிடுவது அங்கு இயல்பு. எனினும் அந்த நான்கு நோய்கள் அதற்கும் பொருந்தும். சென்னையைச் சேர்ந்தவரும், கேரளத்தின் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயின்றவருமான பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என வென்ற அவர், அதே நாளில் பிரான்சின் மனோன் புருனேவிடம் 7-15 எனத் தோற்றார்.

2023 ஜூனில் சீனாவின் வூஷி நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் காலிறுதியில், நடப்பு உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுரா அவரை எதிர்கொண்டார். முந்தைய மோதல்களில் எமுராவிடம் தோற்றே வந்தவர் பவானி. ஐயம் வேர்விட இதைவிட ஏற்ற களம் இல்லை. ஆயினும் 15-10 என வென்றார்.

அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஸைனப் தாயிபெகோவாவுடன் ஆட்டம் 14-14 எனச் சமநிலையை எட்டியது. அடுத்த வீச்சு ஸைனபுக்குச் சென்றது. பவானி வெண்கலத்துடன் திரும்பினார். ஆசிய வாள்வீச்சுப் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது.