பூட்டு வேண்டாம், பாதுகாப்பு கொடுங்கள்

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது தமிழகப் பேருந்துகள் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியோடு நின்றுவிட்டன. பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலுமாகச் சுமந்துகொண்டு எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள் ஜனங்கள். அதனால், 'மனசு புண்பட்டுவிட்டது' என்று யாராவது கிளம்பினால் எங்கள் ஓசூருக்கு வயிற்றைக் கலக்கும்.

2025 ஜூனில் இதே எல்லையைத் தாண்டி பெங்களூர் ரசிகர்கள் ஓசூர் தியேட்டர்களுக்கு வந்தார்கள், 'தக் லைஃப்' பார்க்க. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று அதன் நாயகன் கமல்ஹாசன் சென்னை விழாவில் பேசியதால், படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. இரண்டும் ஒரே திராவிட மூலத்தின் கிளைகள் என்பதே மொழியியல் அறிஞர்களின் முடிவு. கன்னடர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் தியேட்டரை மிரட்டுவதில் நியாயம் இல்லை. கும்பல்கள் தெருவை எடுத்துக்கொள்ள விட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் கண்டித்தது.

சினிமாவையாவது எல்லை தாண்டி வந்து பார்க்கலாம். மேடை நகைச்சுவைக்கு அந்த வழியும் இல்லை. நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூர் நிகழ்ச்சி ஒன்றில் கைதானார். அந்த மேடையில் அவர் மத உணர்வைப் புண்படுத்தியதற்கு வீடியோ ஆதாரம் இல்லை என்று போலீஸே சொன்னது. இருந்தும் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் தந்தது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று இங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் அவருடைய நிகழ்ச்சி நடக்க இருந்தது. சட்டம் ஒழுங்கு கெடும் என்று போலீஸ் கடிதம் கொடுத்தது, நிகழ்ச்சி ரத்தானது. மிரட்டியவர்களைத் தடுக்க வேண்டியவர்கள், பேச வந்தவரைத் தடுத்தார்கள்.

நம் பக்கமும் சுத்தமில்லை. 'மாதொருபாகன்' நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தி, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரையே அறிவிக்க வைத்தோம். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் அவரை எழுத்துக்குத் திருப்பி அழைத்தது.

இத்தனைக்கும் சட்டம் எப்போதோ தெளிவாகிவிட்டது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தால். 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஆர்ப்பாட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது. சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்த அந்தப் படத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்போடு முழு உடன்பாடு.

கறுப்பு நிறத்தையும் பருத்த உடம்பையும் சாதியையும் வைத்துச் சிரிக்க வைப்பவர்கள் மேல் எனக்கும் ஆத்திரம் வரும். எழுந்து போகலாம், கூச்சல் போடலாம், கிழித்து எழுதலாம். வன்முறையைத் தூண்டினால் வழக்கும் போடலாம். ஆனால் டிக்கெட் வாங்கிய இன்னொருவர் கேட்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எல்லைக்கு இரு பக்கமும் உள்ள காவல் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மிரட்டல் வந்தால் அரங்கத்துக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். வாசலில் நாலு காவலர்களை நிறுத்துங்கள்.