தேவ்நாரில் இருந்தே ஓவியக்கூடம் பார்க்கலாம்!

தேவ்நாரில் இருந்து தினமும் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர். அங்குள்ள ஓவியக்கூடங்களுக்குள் நுழைந்தவர்களோ மிகச் சிலர். "அது படித்தவர்கள், பணக்காரர்கள் போகும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்ற கூச்சம்தான் காரணம்.

அந்தக் கூச்சத்தை இப்போது கைபேசி போக்கி வருகிறது.

ரவிவர்மா காட்டிய வழி

ஓவியம் ஏழை வீடு தேடி வருவது மும்பைக்குப் புதிது அல்ல. அரண்மனைகளுக்கு ஓவியம் தீட்டிய ராஜா ரவிவர்மா, 1894-ம் ஆண்டு மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். அங்கு அச்சான லட்சுமி, சரஸ்வதி படங்கள் சாதாரண மக்களின் பூஜை அறைக்கும் வந்து சேர்ந்தன.

அன்று அச்சு எந்திரம் செய்ததை இன்று கணினி செய்கிறது. 2011-ம் ஆண்டு கூகுள் நிறுவனம் உலகின் 17 கலைக்கூடங்களின் ஓவியங்களை இணையத்தில் ஏற்றியது. மறு ஆண்டு டெல்லி தேசிய நவீன கலைக்கூடமும் அதில் சேர்ந்தது. 2020-ல் கொரோனாவால் கதவுகள் மூடிக்கிடந்தபோது, ரவிவர்மாவின் ஓவியங்களை வீட்டில் இருந்தே பார்க்க அந்தக் கலைக்கூடம் வழி செய்தது.

லாபமும் நஷ்டமும்

கூடத்தில் ஓவியத்தை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். கைபேசியில் இரு விரலால் விரித்தால் தூரிகை ஓடிய தடமும் தெரிகிறது. கட்டணம் இல்லை. லீவு போட வேண்டாம். இரவு ஷிப்டு முடிந்து வந்தும் பார்க்கலாம்.

ஆனால் கைபேசியில் எல்லாமே உள்ளங்கை அளவுதான். ஆள் உயர ஓவியமும் தபால் கார்டு அளவுப் படமும் அங்கே ஒன்றே. வர்ணமும் திரைக்குத் திரை மாறும். காலண்டரில் மீனாட்சி அம்மன் இருக்கிறாள் என்று நாம் மதுரைக்குப் போகாமல் இருக்கிறோமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை...

கோவண்டியில் ஹார்பர் ரயில் ஏறினால் நேராக சி.எஸ்.எம்.டி.யில் (பழைய வி.டி.) இறங்கலாம். அங்கிருந்து காலா கோடா பக்கம். 1952-ல் திறந்த ஜஹாங்கீர் ஓவியக்கூடத்தில் அனுமதி இலவசம். அருகிலேயே, தேசிய நவீன கலைக்கூடத்தின் மும்பைக் கிளை 1996 முதல் இருக்கிறது. அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

முதலில் கைபேசியில் நாலு ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு நேரில் கூட்டிப்போங்கள். அப்பா தயங்கி நின்ற வாசலில் பிள்ளைகள் தயங்காமல் நுழையட்டும்!