பசிப்பிணியும் பள்ளிப் பந்தியும்

திருக்குறளில் வறுமையைப் பற்றிய மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நல்குரவு, இரவு, இரவச்சம் என்பன அவை. முறையே 105, 106, 107 ஆம் அதிகாரங்கள். ஈகையும் ஒப்புரவும் அறத்துப்பாலில் இருக்க, இம்மூன்றும் பொருட்பாலில் இடம் பெற்றிருத்தல் கருதத்தக்கது. கொடுப்பவனுக்குக் கொடுத்தல் அறமாகலாம். கேட்க வேண்டிய நிலைக்கு ஒருவன் வந்து சேர்வதோ நாட்டின் பொருளமைப்பைச் சார்ந்தது. இஃது உரையாசிரியர் கூற்றன்று, என் கருத்தே. ஆயினும் இரத்தலுக்கு அஞ்சுதல் என்பதற்குத் தனியாக ஓர் அதிகாரமே வகுத்த புலவர், பசி ஒரு துன்பம், பசிக்கிறது என்று பிறரிடம் சொல்ல நேர்வது வேறொரு துன்பம் என்பதை நன்கு அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

சமூகநலத் திட்டங்களை மதிப்பிடும்போது எத்தனை பேருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்றே பெரும்பாலும் பார்க்கிறோம். பெறுகிறவர் வாய்திறந்து கேட்க வேண்டியிருந்ததா என்று பார்ப்பது அரிது. நூறாண்டைக் கடந்துவிட்ட ஒரு திட்டத்தை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டமே அது.

1920 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. மன்றத் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரையறை. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் இது பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அரசாங்கம் தடுத்தமையால் 1925 இல் நின்று போயிற்று. பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களா என்பது அங்கே வழக்கன்று. அந்தப் பசியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே வழக்கு. பிற்பாடு சுருங்கிய அளவில் மீண்டும் தொடங்கப்பெற்றது.

மாநிலம் தழுவிய முயற்சி காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 இல் உருப்பெற்றது. மாடு மேய்த்த சிறுவனைக் கண்டு அவர் வினவிய கதையைப் பலரும் அறிவர். எந்த ஊரில் நிகழ்ந்தது என்பதில் சொல்வோர்க்குள் ஒற்றுமை இல்லையாதலால் அதனை இங்கே விட்டுவிடுகிறேன். அன்று கல்வித்துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதற்கு வழிவகுத்த முறைதான் நாம் நோக்க வேண்டியது. உணவுச் செலவில் ஐந்தில் மூன்று பங்கை அரசு ஏற்கும். எஞ்சியதை ஊரார் தர வேண்டும். நெல்லாகவும் காயாகவும் விறகாகவும் ஊர் கொடுத்தது. பள்ளி நம்முடையது என்னும் எண்ணம் ஊராரிடம் வேரூன்றியதற்கு இம்முறை பெரிதும் உதவிற்று. குறளின் சொல்லால் சொன்னால் இஃது ஒப்புரவு.

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் பிள்ளைகளின் பசி மிகுகிறது. அதே ஆண்டில்தான் ஊரார் கையும் சுருங்குகிறது. தேவை மிகும்போது வரத்துக் குறைவது நன்கொடையின் இயல்பு. அன்றியும் உணவு ஏழைப் பிள்ளைகளுக்கென்றே அமைந்திருந்தமையால், இன்னார் உண்பவர், இன்னார் வீட்டுக்குப் போகிறவர் என்ற பிரிவு வகுப்பறைக்குள் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோடு நன்றாகவே கண்ணில் படும்.

1982 சூலை முதல் நாள், ம. கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் ஊர்ப்புறத்துச் சிறு பிள்ளைகளுக்கு. சில திங்களில் நகரங்களுக்கு. 1984 இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் விரிந்தது. ஊரார் பங்கு என்பது போய், செலவு முழுவதும் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஏறியது. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும், தொழிற்சாலை கட்டலாமே என்று அன்று பொருளியலறிந்தோர் பலர் குறை கூறினர். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிற பிள்ளைக்குச் சோறு என்ற நிலைமை வந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர் தாமே கட்டுச்சோறு கொண்டு வந்தனர். அது அவர்கள் விருப்பம். தேர்ந்தெடுக்கும் வேலை பிள்ளையிடம் இருந்தது. ஆசிரியர் கையிலோ அலுவலர் கையிலோ இல்லை.

இத்திட்டத்தில் பலர் கவனியாத மற்றொரு பயனும் உண்டு. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என நியமித்தார்கள். அவர்களில் மிகப் பலர் பெண்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும் முன்னுரிமை உண்டு. பிள்ளைக்குச் சோறும் தாய்க்கு வேலையுமாக ஒரே அடுப்பு இரண்டு உதவிகளைச் செய்தது. அந்தப் பெண்களின் ஊதியம் போதாது, ஓய்வூதியம் போதாது என்ற முறையீடு இத்தனை ஆண்டுகளாகியும் தீரவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

பந்தி என்றால் நம் நாட்டில் சாதி உடனே வந்து நிற்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அண்டாவிலிருந்து வாங்கி உண்பது சட்டத்தால் மட்டும் வந்துவிடாத மாறுதல். அது எளிதிலும் வரவில்லை. 2018 இல் கூட, திருப்பூர் மாவட்டத்து அவிநாசிப் பகுதியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்க்க, அவர் இடம் மாற்றப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பின் அந்த மாற்றம் கைவிடப்பட்டது. பள்ளிச் சமையற்கட்டை வெறும் சமையற்கட்டாக எண்ணிவிடலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013 இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனை உறுதிப்படுத்தியது. 1925 இல் கணக்குத் தலைப்பின் பேரால் நிறுத்தத்தக்கதாய் இருந்த சோறு, இப்போது பிள்ளையின் உரிமையாகிவிட்டது. உரிமைக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு இவ்விரண்டு ஆண்டுகளே போதும்.

எனினும் ஒரு குறை நெடுநாள் இருந்து வந்தது. மதியச் சோறு வரும் வரைக்கும் காலையில் வெறும் வயிற்றோடு பாடம் கேட்கும் பிள்ளைகள் இருந்தார்கள். விடியற்காலையில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் வீட்டில் அடுப்பு மூட்ட நேரம் ஏது? 2022 செப்டம்பர் 15 இல் மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகத்தில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக வழங்குகிறார்கள்.

நம் நாடுகளில் இம்முறை வேறு. மலேசியாவின் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் தொடக்கப் பள்ளிகளில் நடைபெறுகிறது; தமிழ்ப்பள்ளிகளும் அதில் உண்டு. பொதுவாகக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து உணவளிப்பது அதன் வழி. சிங்கப்பூரிலும் கல்வியமைச்சின் நிதியுதவி பெறும் மாணவர்க்கே பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு கிடைக்கிறது. சீட்டுக்குப் பதிலாக மாணவரின் அட்டையிலேயே தொகையைச் சேர்த்துவிடும் முறையும் உண்டு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாமல் உதவி சேர்கிறது என்பதால் இந்த அட்டை முறையைச் சிறியதொரு நுட்பமாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

தேர்ந்தெடுத்து அளிப்பதே சிக்கனம் என்பார் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வறியோர் தொகை குறைந்த நாட்டில் எல்லாருக்கும் சமைப்பது வீண் என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் தேர்வுக்குப் பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு வருமானச் சான்று வேண்டும். சான்றுக்குப் பெற்றோர் வந்து கேட்க வேண்டும். கேட்கக் கூசும் குடும்பம் அந்த இடத்திலேயே விடுபட்டுப் போகிறது. பிள்ளையின் தந்தை சென்ற வாரம் வேலை இழந்திருப்பார். பட்டியலோ ஆண்டுத் தொடக்கத்தில் எழுதியது. பிற்பகலில் மேசைமேல் தலை சாய்த்துவிடும் அந்தப் பிள்ளையை முதலில் காண்பவர் வகுப்பாசிரியர். ஆண்டின் நடுவிலும் ஒரு பெயரைச் சேர்க்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் சென்று கேட்பவரும் அவராகவே இருக்கக் கூடும். அவர் கேட்டால் அந்தப் பிள்ளை கேட்க வேண்டியதில்லை.