உஷார்! மூன்று வயதுப் பிள்ளை நிறம் பார்க்கிறது

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். தோலின் நிறத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம், பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளைக்குள் குடியேறிவிடுகிறது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி நடத்திய பொம்மைச் சோதனையின் முடிவுகள் 1947இல் வெளியாயின. சோதிக்கப்பட்டவர்கள் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகள், 253 பேர். அவர்கள் முன் வைத்த பொம்மைகள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. நிறம் மட்டும்தான் வேறு. எதை வைத்து விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது பார்க்க மோசம்? மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பழுப்புப் பொம்மையை மோசம் என்று ஒதுக்கினார்கள். கடைசியாக, “இதில் உன்னைப் போல இருப்பது எது?” என்ற கேள்வி வந்தது. சற்று முன்பு ஒதுக்கிய பொம்மையையே காட்ட வேண்டிய நிலை. சில பிள்ளைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டே ஓடினார்கள். எத்தனை கொடுமை!

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கறுப்பருக்கெனத் தனிப் பள்ளிகள் இருந்த தெற்கு மாநிலத்தில் மட்டுமல்ல, இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த வடக்குப் பள்ளிகளிலும் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே கேட்டார்கள். இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது. தீர்ப்பு பள்ளிக் கதவைத் திறக்கலாம். வீட்டுக்குள் நடப்பதை அது என்ன செய்யும்?

பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில், தான் பார்த்துப் பழகிய இனத்து முகங்களையே அதிக நேரம் பார்க்கிறது. அது வெறும் பழக்கம்தான், வெறுப்பு அல்ல. அந்தப் பழக்கத்தின் மேல் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துபவர்கள் பெரியவர்கள். அதற்கு வாய் திறந்து பேசக்கூட வேண்டாம். ஒருவரிடம் சிரித்துப் பேசி இன்னொருவரிடம் முகம் சுளிப்பதைப் பார்த்தாலே போதும், நாலைந்து வயதுப் பிள்ளைகள் யாரைப் பிடிக்க வேண்டும், யாரைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “வெயில்ல போகாதே, கறுத்துடுவே” என்கிறோம். வேலைக்கு வந்த பிற மாநிலத்தவரை “வடக்கன்” என்று பிள்ளையின் காதுபடவே ஏளனம் செய்கிறோம். பேருந்தில் ஆப்பிரிக்க மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பையை மடியோடு இறுக்குகிறோம். மடியிலிருக்கும் பிள்ளை அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“அவங்க ஏன் கறுப்பா இருக்காங்க?” என்று பிள்ளை கேட்டால் “ஷ்ஷ்” என்று அடக்காதீர்கள். அடக்கினால், அது ஏதோ கேவலமான விஷயம் என்றே பதியும். தோலில் மெலனின் என்ற நிறமி கூடக்குறைய இருப்பதால்தான் நிறம் மாறுகிறது, அதற்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொல்லிக்கொடுங்கள். வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.