தீப்பொறி எங்கே நின்றது?

பழைய யந்திரத்தை விலைக்கு வாங்குவோர், அதனை முன்பு கையாண்டவர்கள் செய்த ஒட்டு வேலைகளையும் சேர்த்தே வாங்குகின்றனர். தைலம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் தேய்ந்திருந்தால் கைக்குத் தெரியும். மின்கம்பிகளில் செய்யப்பட்ட ஒட்டு வேலையோ இருக்கைக்கு அடியிலும் மூடிகளின் உள்ளேயும் ஒளிந்திருக்கும். வண்டி கிளம்ப மறுக்கும் நாளில்தான் அது வெளிப்படுகிறது.

கடற்கரை மணலிலும், மலைத் தோட்டங்களிலும், விடுதிகளின் மைதானங்களிலும் ஓடும் சிறிய நான்கு சக்கர வாகனங்களை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். அகன்ற, காற்றழுத்தம் குறைந்த டயர்களும், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற கைப்பிடியும் கொண்ட இவற்றை ஏ.டி.வி. என்று அழைக்கின்றனர். எவ்வகைத் தரையிலும் செல்லும் வாகனம் என்பது அதன் பொருள். 1970-இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கென மூன்று சக்கர வண்டி ஒன்றை வெளியிட்டது. 1982-இல் சுஸுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்து உயிர்ச்சேதம் விளைத்தமையால், 1988-இல் உற்பத்தியாளர்கள் அமெரிக்க அரசாங்கத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அந்நாட்டில் அவற்றின் விற்பனையைக் கைவிட்டனர். பின்னர் நான்கு சக்கர அமைப்பே நிலைத்தது. இன்று பலருடைய கைக்கு எட்டுபவை, பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில் உருவான 50 முதல் 125 கன சென்டிமீட்டர் வரையிலான சிறு வண்டிகளாகும்.

இத்தகைய வண்டியொன்றைப் பழையதாக வாங்கியவர் சந்திக்கும் தொல்லை ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல்கிறது, எஞ்சின் திரும்புகிறது, ஆயினும் உயிர் பெறவில்லை. பெட்ரோல் வருகிறது. பிளக்கில் மட்டும் பொறி இல்லை. உடனே கடைக்குச் சென்று முதலில் பிளக், அடுத்து காயில், அதற்கடுத்து சி.டி.ஐ. பெட்டி என வரிசையாகப் புதிய உறுப்புகளை வாங்கிப் பொருத்துகின்றனர். பணம் கரைகிறது, பொறி பிறப்பதில்லை. பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதையும், அதைவிட முக்கியமாக, அது எவ்வாறு நிறுத்தப்படுகிறது என்பதையும் அறிந்துகொண்டால் இச்செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பொறி பிறக்கும் விதம்

எஞ்சினின் சுழல்தண்டோடு காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று சுற்றுகிறது. அதன் உட்புறம் அசையாது நிற்கும் கம்பிச்சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். காந்தம் சுழலச் சுழல அச்சுருள்களில் மின்சாரம் உண்டாகிறது. அவற்றுள் ஒரு சுருள் பொறிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் பிறக்கும் மின்சாரம் சி.டி.ஐ. பெட்டிக்குச் சென்று, அங்குள்ள மின்தேக்கியில் சில நூறு வோல்ட்டு அழுத்தத்தில் சேமிக்கப்படுகிறது. காந்தச் சக்கரத்தின் வெளிப்புறத்தை ஒட்டி நிற்கும் மற்றொரு சிறு சுருள், உரிய கணத்தில் ஒரு சைகையை அனுப்புகிறது. சைகை கிடைத்ததும் மின்தேக்கி தன் இருப்பு முழுவதையும் காயிலுக்குள் கொட்டுகிறது. காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, பிளக்கின் முனையில் பொறி தாவுகிறது. மின்தேக்கியைக் காலி செய்வதன் மூலம் பற்றவைத்தல் என்பதே சி.டி.ஐ. என்னும் ஆங்கிலச் சுருக்கத்தின் பொருள். பழைய ஸ்கூட்டர்களில் பாயிண்ட் என்று வழங்கிய தொடுமுனைகள் செய்துவந்த பணியை இப்பெட்டி தேய்மானமின்றிச் செய்கிறது.

பொறியை நிறுத்தும் விதம்

வயலுக்குப் பாயும் நீரை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. மடையை அடைத்துவிடலாம், அல்லது நீர் வயலை எட்டுமுன் வாய்க்காலின் கரையை வெட்டி வடிகாலில் திருப்பிவிடலாம். இவ்வண்டிகளிலும் அவ்வாறே இரு முறைகள் உள்ளன.

ஸ்டேட்டரிலிருந்தே மின்சாரம் பெறும் சி.டி.ஐ. வகையில், சாவியை அணைத்ததும் ஒரு கம்பி வண்டியின் உலோக உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைகிறது. பொறிக்குரிய மின்சாரம் அவ்வழியே வடிந்துவிடுகிறது. இது கரையை வெட்டும் முறை. பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டு மின்சாரம் பெறும் வகையில், சாவியை அணைத்ததும் அம்மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. இது மடையை அடைக்கும் முறை.

இவ்வேறுபாட்டை அறியாமல் செய்யும் சோதனை எதுவும் நேரான முடிவைத் தராது. முதல் வகையில் நிறுத்து கம்பி அறுந்தால் எஞ்சின் ஓடும்; ஆனால் சாவிக்கு அடங்காது. அதே கம்பியின் மேலுறை தேய்ந்து சட்டத்தைத் தொட்டால், கரை தானாகவே உடைந்ததற்கு ஒப்பாகும். பொறி அறவே இராது. இரண்டாம் வகையிலோ கம்பி அறுந்தாலே பொறி நின்றுவிடும்.

கைவசம் இருப்பது எவ்வகை என்று அறிவது எளிது. சி.டி.ஐ. பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, கனெக்டரின் முனைகளை மல்டிமீட்டரால் எர்த்தோடு சேர்த்து அளக்க வேண்டும். ஒரு முனையில் ஏறத்தாழ 12 வோல்ட்டு காட்டினால் அது பெரும்பாலும் பாட்டரி வகை. எந்த முனையிலும் காட்டாவிடில் அது ஸ்டேட்டர் வகையாக இருக்கக்கூடும். ஆயினும் பியூஸும் பாட்டரியும் நல்ல நிலையில் உள்ளனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சோதனையின் வரிசை

முதலாவதாக, பொறி உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் காணவேண்டும். பிளக்கைக் கழற்றி, அதன் மூடியில் செருகி, பிளக்கின் உலோகப் பகுதியை எஞ்சினின் வர்ணம் பூசாத இடத்தில் நன்கு அழுத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பிளக் கழன்ற துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவருமாதலால், பொறி அத்துவாரத்திற்கு அருகில் விழலாகாது. பிளக்கை வெறுங்கையால் பிடிக்காமல், உறையிட்ட குறட்டால் பிடிக்க வேண்டும். நீலம் கலந்த வெண்மையான பொறி தெரிந்தால், குற்றம் கம்பிகளில் இல்லை. கார்புரேட்டர் பக்கம் தேட வேண்டும்.

பொறி இல்லையாயின், ஸ்டேட்டர் வகை வண்டியில் அடுத்துச் செய்யத்தக்கது ஒன்றே. சி.டி.ஐ. பெட்டிக்கு வரும் நிறுத்து கம்பியை மட்டும் பிரித்துவிட்டு, பிளக் கழன்ற நிலையிலேயே மீண்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும். இவ்வண்டிகளில் அக்கம்பி பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு உடையது. எர்த் கம்பி பச்சை நிறமுடையது. சுழற்றும்போது பிரித்த முனையில் அதிர்ச்சி தரக்கூடிய மின்னழுத்தம் இருக்குமாதலால் அதனைத் தொடலாகாது. இப்போது பொறி வந்துவிட்டால் ஸ்டேட்டர், பெட்டி, காயில், பிளக் ஆகிய நான்கும் குற்றமற்றவை என்பது ஒரே சோதனையில் விளங்கிவிடும். புதிய உறுப்பு எதுவும் வாங்க வேண்டியதில்லை. நிறுத்து கம்பியின் பாதையில் எங்கோ கரை உடைந்திருக்கிறது. அவ்விடத்தைத் தேடினால் போதும்.

தேடவேண்டிய இடங்கள் சிலவே. கைப்பிடி திரும்பும் கழுத்தில் கம்பிக்கட்டு ஓயாமல் மடங்கி நிமிர்கிறது. இருக்கைக்கு அடியில் சட்டத்தின் கூரிய விளிம்பில் உராய்கிறது. கைப்பிடியிலுள்ள சிவப்பு நிறுத்து பொத்தானுக்குள் சேறும் நீரும் புகுகின்றன. சிறுவர் வண்டிகளின் பின்புறத்தில், இழுத்தால் எஞ்சின் நிற்கும்படி ஒரு கயிறும் அதற்குரிய ஸ்விட்சும் இருக்கும். கயிறு தொலைந்த வண்டியில் அந்த ஸ்விட்ச் நிறுத்திய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, மல்டிமீட்டரால் நிறுத்து கம்பிக்கும் எர்த்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். சாவி ஓடும் நிலையில் இருக்கும்போது தொடர்பு இருக்கலாகாது. அணைத்த நிலையில் இருந்தே ஆகவேண்டும்.

சாவி ஸ்விட்ச் மாற்றப்பட்ட பழைய வண்டிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், அணைக்கும்போது இணைக்கும் ஸ்விட்ச் வேறு, அணைக்கும்போது பிரிக்கும் ஸ்விட்ச் வேறு. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று அமைந்தால், பாட்டரியின் மின்சாரம் நிறுத்து கம்பி வழியே பெட்டிக்குள் புகுந்து அதனைப் பாழாக்கிவிடலாம். புதிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும் வண்டியில் இதனை முதலில் ஐயுறுவது நன்று.

நிறுத்து கம்பியைப் பிரித்தும் பொறி வரவில்லையாயின், எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். காயிலும் எஞ்சினும் சட்டத்தைத் தொடும் இடங்களில் துருவோ வர்ணமோ இருப்பின் சுரண்டி நீக்க வேண்டும். அதன் பின்னரே சுருள்களை அளக்க வேண்டும். பொறிக்குரிய ஸ்டேட்டர் சுருள் சில நூறு ஓம் காட்டும். சைகைச் சுருள் ஏறத்தாழ 100 முதல் 200 ஓம் வரை காட்டும். காயிலின் முதற்சுற்று ஓர் ஓமுக்கும் குறைவாகவும், இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓமாகவும் இருக்கும். வண்டிக்கு வண்டி இவ்வளவுகள் மாறும். கையேடு கிடைப்பின் அதுவே பிரமாணம். ஸ்டேட்டர் சுருள்களில் அளவே காட்டாவிடில் கம்பி எங்கோ அறுந்துள்ளது என்பது திண்ணம். சங்கிலிச் சக்கரத்தின் அருகே ஸ்டேட்டர் கம்பிகள் செல்லும் இடத்தில் முதலில் தேடுக. சுருள்கள் யாவும் சரியாக இருந்து, சுழற்றும்போது மின்சாரமும் உண்டாகிறதெனில், அப்போது சி.டி.ஐ. பெட்டியை மாற்றலாம். பெட்டியை மட்டும் அளந்து அறிய எளிய வழி இல்லையாதலால், அதனைக் கடைசியில் வைப்பதே சிக்கனம்.

பாட்டரி வகை வண்டியில் நிறுத்து கம்பியைப் பிரிக்கும் சோதனை பொருந்தாது. அங்கே பியூஸ், சாவி, நிறுத்து பொத்தான் என்ற வரிசையில் 12 வோல்ட்டு எதுவரை வருகிறது, எங்கே மறைகிறது என்று தொடர்ந்து செல்ல வேண்டும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போதும் அதனை அளக்க வேண்டும். பாட்டரி நலிந்திருந்தால் அப்போது மின்னழுத்தம் வீழ்ந்து பொறி நின்றுவிடும்.

செய்யத் தகாத ஒன்று

குற்றம் நிறுத்து கம்பியில்தான் என்று கண்டவுடன் பலருக்கும் எழும் சபலம் ஒன்றுண்டு. கம்பியைப் பிரித்ததும் பொறி வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டால் என்ன? பழைய வண்டிகள் பலவற்றில் நறுக்கி, நாடா சுற்றி விடப்பட்ட கறுப்பு வெள்ளைக் கம்பியைக் காணலாம். முன்பு கையாண்டவர் அச்சபலத்துக்கு இடங்கொடுத்ததன் அடையாளம் அது.

அவ்வண்டி நன்றாக ஓடும். ஆனால் அதன் சாவி, சிவப்புப் பொத்தான், பின்புறக் கயிறு ஆகிய மூன்றும் வெறும் அலங்காரப் பொருள்களாகிவிடும். ஆக்ஸிலேட்டர் கம்பி சிக்கி வேகம் குறையாத வேளையில், அல்லது வண்டி கவிழ்ந்து சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் வேளையில், எஞ்சினை நிறுத்த வழியே இராது. இத்தகைய சிறு வண்டிகளில் ஏறுபவர் பெரும்பாலும் சிறுவர். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களுக்குரிய ஏ.டி.வி.யை ஓட்டலாகாது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது. சிறுவர்க்கென்றே அமைந்த வண்டியில் அந்தக் கயிறு இருப்பதன் நோக்கம், பின்னால் நடந்துவரும் பெரியவர் எக்கணமும் அதை இழுத்து எஞ்சினை நிறுத்தலாம் என்பதே. அது வேலை செய்யாதென்று அறியாத தந்தை அதை நம்பியே குழந்தையை ஏற்றுவார்.

ஆகவே தேய்ந்த கம்பியை வெட்டி நீக்கி, புதிய துண்டை ஈயப்பற்றிட்டு இணைத்து, உறை இட்டு, உராயும் விளிம்பிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். கெட்ட ஸ்விட்சுக்கு மாற்று ஸ்விட்ச் பொருத்த வேண்டும். எல்லாம் முடிந்தபின், பின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சாவியால் ஒரு முறையும், பொத்தானால் ஒரு முறையும், கயிற்றால் ஒரு முறையும் அதனை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மூன்று முறையும் எஞ்சின் அடங்கினால்தான் வண்டி பழுது நீங்கியதாகக் கொள்ளலாம். பழைய வண்டி வாங்கச் செல்வோரும் விலை பேசுமுன் இச்சோதனையைச் செய்துவிடுவது உத்தமம்.