மருந்துத் தரமும் ஆய்வுக்கூடத்தின் கடமையும்

1986-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பம்பாய் (இன்றைய மும்பை) ஜே. ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். மூளையிலும் கண்ணிலும் ஏற்பட்ட அழுத்தத்தைத் தணிக்க அவர்களுக்குக் கிளிசரின் புகட்டப்பட்டிருந்தது. அதில் 18.5 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் இருந்தமை பின்னர் பகுப்பாய்வில் புலனாயிற்று.

இரண்டும் நிறமற்றவை, இனிப்பானவை, குழம்பு போன்றவை. கண்ணும் நாவும் வேறுபாடு காண இயலா. கிளிசரின் தொழில்துறைத் தரம், மருந்துத் தரம் என வெவ்வேறாக விற்பனையாகிறது. மலிவான சரக்கு மருந்தின் இடத்தில் புகுந்தால், தடுத்து நிறுத்தக்கூடியது ஆய்வுக்கூடம் ஒன்றே. வாயு நிறப்பிரிகை முறையில் மாதிரி ஆவியாக்கப்பட்டு நீண்ட குழாய் வழியே செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவதால், நஞ்சின் அளவைக் கணக்கிட முடிகிறது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதமே.

நீதிபதி லெண்டின் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், கொள்முதல், மருத்துவமனை நிருவாகம், மருந்துக் கட்டுப்பாடு ஆகிய எல்லா நிலைகளிலும் சீர்கேட்டைச் சுட்டிக்காட்டியது. கருவியும் வேதியியலரும் மட்டும் போதா. சோதனை முடிவு வருமுன் சரக்கை ஏற்பதில்லை என்ற ஒழுங்கும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

இந்நஞ்சின் வரலாறு நீண்டது. 1937-இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக, புதிய மருந்துகள் பாதுகாப்பானவை என விற்பனைக்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 1938-இல் சட்டம் பிறந்தது. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு அங்கீகரித்த ஆய்வுக்கூடங்களில் சோதிப்பது 2023 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் பலர் இறந்தனர். தமிழ்நாட்டில் தயாரான அம்மருந்தில் 48.6 சதவீதம் இதே நஞ்சு இருப்பதைத் தமிழ்நாட்டு அரசு ஆய்வுக்கூடமே கண்டறிந்தது.

ஆய்வு சரியாகவே இருந்தது. அது நிகழ்ந்த வேளைதான் பிந்தியது. மரணத்திற்குப் பின் செய்யும் பகுப்பாய்வு குற்றத்தை நிறுவும், உயிரை மீட்காது. ஆகவே, மூலப்பொருள் தொழிற்சாலை வாயிலைத் தாண்டும் முன்பே ஒவ்வொரு பீப்பாயும் சோதிக்கப்பட வேண்டும். ஏற்றுமதிச் சரக்கிற்குக் காட்டப்படும் எச்சரிக்கை, நம் கிராமத்து மருந்துக்கடையில் விற்கும் புட்டிக்கும் உரியதே. சோதனைச் செலவு சிறிது; அதைத் தவிர்ப்பதால் நேரும் இழப்போ ஈடு செய்ய இயலாதது.